எல்லா வேலையையும் மெஷினே செய்துவிட்டால் பொருட்களின் விலை குறையுமா?

கேள்வியைப் பார்த்தால் கல்லூரியில் படிக்கும் தம்பி என்று தோன்றுகிறது. பாடப் புத்தகத்தில் குறையும் என்றுதான் இருக்கும். நான் அம்பத்தூர் எஸ்டேட்டில் வாடகை ஷெட்டில் ஜாப் ஒர்க், அதாவது கம்பெனிகளுக்குக் கூலிக்குப் பாகம் கடைந்து கொடுக்கும் வேலை, செய்பவன். எனக்குத் தெரிந்தது ஒரு புஷ்ஷின் கதை.

டூ வீலருக்குப் போகும் சின்ன புஷ், அதாவது ஓர் உலோக வளையம். ராடைக் கம்பெனியே கொடுத்துவிடும். கடைந்து கொடுக்க பீஸுக்கு 14 ரூபாய். லேத்தில் ஒன்றுக்கு ஒன்பது நிமிஷம். 2016-இல் கடன் வாங்கி ஒரு சிஎன்சி (கம்ப்யூட்டர் சொல்படி தானே கடையும் மெஷின்) போட்டேன், அடுத்த வருஷம் இன்னொன்று. இரண்டரை நிமிஷத்தில் பீஸ் கையில். லேத்தில் இருந்த இரண்டு பேரை அனுப்ப வேண்டியதாகிவிட்டது. அதில் ஒருவர் எனக்கே தொழில் கற்றுக்கொடுத்த அண்ணன். இன்றுவரை அவர் தெருப்பக்கம் நான் போவதில்லை.

கொஞ்ச நாள் கையில் காசு நின்றது. பிறகு பர்ச்சேஸ் மேனேஜர் ஷெட்டுக்கு வந்தார். டீ குடித்தார், மெஷினைப் பார்த்தார், கைக்கடிகாரத்தையும் பார்த்தார். "இவ்ளோ சீக்கிரம் வருதே சார், இன்னும் 14 ரூபாயா?" ரேட் 9 ரூபாய் ஆனது.

அந்த 5 ரூபாய் வாங்குகிறவருக்குப் போனதா? போன வருஷம் என் வண்டிக்கே அந்த புஷ் தேவைப்பட்டது. உதிரி பாகக் கடைகள் இருக்கும் ஜி.பி. ரோட்டில் கம்பெனி பாக்கெட்டில் 85 ரூபாய். முன்பு 60. பக்கத்திலேயே பெயரில்லாத புஷ் 25 ரூபாய். அது முன்பு 40. அதுவும் சிஎன்சியில் கடைந்ததுதான். ஆனால் அதை இருபது பேர் போட்டி போட்டுச் செய்கிறார்கள்.

ராடு விலை ஏறியதை மறைக்கிறான் என்று யாராவது கமெண்டில் வருவீர்கள். ஏறியது உண்மை. பெயரில்லாத புஷ்ஷையும் ராடில்தானே கடைகிறார்கள்? தரம் வேறு என்பீர்கள், அது பாதி உண்மை. நான் மெஷினுக்கு எதிரி இல்லை, என் சோறே அதில்தான்.

சரி, ஆளே வேண்டாம் என்று ரோபோ கை வைத்தால்? என் 9 ரூபாயில் பாதி மெஷின் தவணைக்கே போகிறது. ஒரே ஆபரேட்டர் இரண்டு மெஷினையும் பார்ப்பதால் அவர் சம்பளம் பீஸுக்கு 2 ரூபாய்கூட வராது. அதை மிச்சம் பிடிக்க ரோபோவுக்கு இன்னொரு தவணை கட்ட வேண்டும். கரண்ட், இன்செர்ட் (உலோகத்தை வெட்டும் முனை), ஷெட் வாடகை எல்லாம் அப்படியே இருக்கும். 2022-இல் கரண்ட் கட்டணம் ஏறியபோது ரேட் கூடுதலான பீக் அவரில் மெஷினை நிறுத்திவைத்தவன் நான்.

விலையை விடுங்கள், அந்த 9 ரூபாய் எப்போது கைக்கு வரும் என்று கேளுங்கள். சிறுதொழில்காரனுக்கு 45 நாளைத் தாண்டாமல் பணம் தர வேண்டும் என்று 2006-இலேயே சட்டம் போட்டாகிவிட்டது. எனக்கு 110 நாள் ஆகிறது. போன் செய்தால், "சிஸ்டத்துல அப்ரூவல் ஆகலை சார்" என்கிறார்கள். அங்கே எல்லாம் ஆட்டோமேட்டிக்காம்.