கப்பலேறும் காருக்கு ஒரு நியாயமா?

கேள்வி: டொராண்டோவில் இருக்கும் என் மகனின் சிறிய காரில் ஆறு ஏர்பேக்குகள் இருக்கின்றன. இங்கே நான் பார்த்து வைத்திருக்கும் காரின் பேஸ் மாடலில் இரண்டுதான். கேட்டால், "அங்கே நூற்றிருபதில் போகிறார்கள் சார், நம் ரோட்டில் அறுபதைத் தாண்டுவதே அபூர்வம், நமக்கு இது போதும்" என்கிறார் ஷோரூம்காரர். அவர் சொல்வதும் நியாயம்தானே?
- வாசகர், கரூர்

பதில்: நியாயமே இல்லை. நாட்டுக்கு நாடு கார் மாறுவதில் தவறொன்றும் கிடையாது. கனடாவின் குளிருக்குச் சூடேறும் இருக்கை வேண்டும். நம் வெயிலுக்கு வலுவான ஏசியும், நம் வேகத்தடைகளில் இடிபடாத அளவுக்குத் தரையிலிருந்து உயர்ந்த அடிப்பாகமும் வேண்டும். நான்கு மீட்டருக்குள் அடங்கும் சிறிய காருக்கு இங்கே வரி குறைவு என்பதால், 2008-இல் 4,160 மி.மீ. நீளத்தில் வந்த டிசையர் 2012-இல் டிக்கி குறுகி 3,995 மி.மீ. ஆனது. இவற்றையெல்லாம் ஏற்றுக்கொள்ளலாம். ஆனால் மோதலில் உயிர் காக்கும் பாகங்களை இந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. உங்கள் மகனின் விலா எலும்பு எந்த அடியில் முறியுமோ, அதைவிடச் சிறிய அடியிலேயே உங்கள் வயதுக்காரரின் எலும்பு முறிந்துவிடும்.

அவர் சொன்ன அறுபதையே எடுத்துக்கொள்வோம். குளோபல் என்கேப் அமைப்பு இந்தியக் கார்களை மோதவிட்டுப் பார்த்து 2014 ஜனவரியில் முடிவுகளை வெளியிட்டதே, அந்தச் சோதனையின் வேகம் மணிக்கு 64 கி.மீ.தான். காரின் முன்பக்கத்தில் ஓட்டுநர் பக்கமாக 40 சதவீதம் மட்டும் தடுப்பில் இடிக்கும்படி செய்வார்கள். நடுத்தடுப்பு இல்லாத இருவழிச் சாலையில், முந்த வந்த வண்டியிடமிருந்து ஒதுங்கியும் முழுவதும் தப்ப முடியாமல் மோதிக்கொள்வதைப் போன்றது அது. நம் ஊரில் கார் எடுக்கும் எவரும் அன்றாடம் அஞ்சுவது அதைத்தான். ஆல்டோ 800, நானோ, ஃபிகோ, ஐ10, போலோ ஆகிய ஐந்தும், ஏர்பேக் இல்லாத பேஸ் மாடல்களாக அந்தச் சோதனைக்குப் போய், பெரியவர்களின் பாதுகாப்புக்கு ஒரு நட்சத்திரம்கூட வாங்காமல் திரும்பின. ஆல்டோ, நானோ, ஐ10 ஆகியவற்றின் உடற்கூடே தாங்கவில்லை. மற்ற இரண்டில் கூடு தாங்கியது. இரண்டு ஏர்பேக் பொருத்திய போலோவை அதேபோல மோதவிட்டபோது நான்கு நட்சத்திரம் கிடைத்தது.

இவற்றில் ஐ10 விஷயத்தில் எனக்கு இன்றும் கோபம் ஆறவில்லை. ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையின் ஹூண்டாய் ஆலையில் நம் பிள்ளைகள் பூட்டிய கார் அது. சென்னைத் துறைமுகத்தில் கப்பலேறி ஐரோப்பாவுக்கும் போனது. ஐரோப்பியச் சோதனையில் 2008-இல் அதே பெயர் கொண்ட கார் நான்கு நட்சத்திரம் பெற்றிருந்தது. ஆகவே நம் ஆலையில் வசதி போதாது என்றோ, நம் தொழிலாளிக்குக் கைத்திறன் போதாது என்றோ யாரும் சொல்ல வாய்ப்பில்லை. கப்பலேறும் காருக்கு ஒரு நியாயம், டிரெய்லர் ஏறி மதுரைக்குப் போகும் காருக்கு வேறொரு நியாயம் என்று வைத்திருந்தார்கள். வைக்கச் சட்டம் இடம் கொடுத்தது. அந்த ஆலையிலிருந்து முதல் சான்ட்ரோ வெளிவந்த 1998-ஆம் ஆண்டிலேயே அமெரிக்காவில் முன்னிருக்கைகள் இரண்டுக்கும் ஏர்பேக் கட்டாயமாகிவிட்டது. நமக்கு ஓட்டுநர் ஏர்பேக் கட்டாயமாக 2019 ஜூலை வரையிலும், பக்கத்து இருக்கைக்கு அது எல்லா மாடல்களிலும் வர 2021 இறுதி வரையிலும் காத்திருக்க வேண்டியிருந்தது. ஆறு ஏர்பேக் கட்டாயம் என்ற வரைவு 2022 ஜனவரியில் வந்தது, ஓராண்டு தள்ளிப்போனது, பிறகு 2023-இல் கட்டாயமில்லை என்று கைவிடப்பட்டது. இதை நான் பெரும் பிழையாகவே கருதுகிறேன்.

விலை ஏறிவிடும் என்பதுதான் கம்பெனிகள் எப்போதும் சொல்லும் காரணம். 2024 நவம்பரில் அறிமுகமானபோது ஏழு லட்ச ரூபாய்க்கும் குறைந்த ஷோரூம் விலையில் தொடங்கிய புதிய டிசையரின் எல்லா மாடல்களிலும் ஆறு ஏர்பேக் உண்டு. குளோபல் என்கேப் சோதனையில் அது ஐந்து நட்சத்திரமும் பெற்றது. அந்த விலையில் ஒருவரால் முடிகிறதென்றால் மற்றவர்களாலும் முடியும்.

எனவே ஷோரூமுக்குத் திரும்பிப் போய்ச் சிலவற்றைக் கேளுங்கள். 2023 அக்டோபரில் நடைமுறைக்கு வந்த பாரத் என்கேப் என்ற நம் அரசின் மோதல் சோதனைக்கு அந்தக் கார் போயிருக்கிறதா, போயிருந்தால் எந்த மாடல் போனது, நட்சத்திரம் நீங்கள் வாங்கும் பேஸ் மாடலுக்கும் பொருந்துமா என்று கேளுங்கள். அந்தச் சோதனை கட்டாயமல்ல என்பதால், போகவில்லை என்ற பதிலும் வரலாம். வண்டி சறுக்காமல் பிடித்து நிறுத்தும் ஸ்டெபிலிட்டி கண்ட்ரோல் இருக்கிறதா என்று பாருங்கள்; அது ஐரோப்பாவில் விற்கும் எல்லாப் புதிய கார்களிலும் 2014 முதல் கட்டாயம். பின்னிருக்கையின் நடுவில் உட்காருபவருக்கு இடுப்பை மட்டும் சுற்றும் பெல்ட்டா, தோளையும் சேர்த்துப் பிடிக்கும் பெல்ட்டா என்பதை நீங்களே உட்கார்ந்து கட்டிப் பாருங்கள். ஆறு ஏர்பேக் மேல் மாடலில்தான் என்றால், சன்ரூஃபுக்கும் அலாய் வீலுக்கும் ஒதுக்கிய பணத்தை அதில் போடுங்கள். அந்தக் காரில் எந்த மாடலிலும் கிடையாது என்றால் வேறு கம்பெனியின் காரைப் பாருங்கள்.