சர்க்கரை புரதத்தில் ஒட்டினால்: கேள்வி பதில்

சர்க்கரையும் புரதமும் சேரும் கிளைக்கேஷன் வினை பற்றி நிறையக் கேள்விகள் வந்திருக்கின்றன. ஒரே மாதிரி கேட்டவர்களுக்குச் சேர்த்தே பதில் சொல்கிறேன். நான் உயிர்வேதியியல் பாடம் எடுப்பவன், மருத்துவர் இல்லை. அதனால் மருந்தளவு பற்றி மட்டும் என்னிடம் கேட்காதீர்கள்.

செல்வி: சர்க்கரை அதிகமானால் சீக்கிரம் வயதாகிவிடும் என்கிறார்கள். உண்மையா சார்?

பாதி உண்மை. ரொட்டி சுடும்போது மேல்பக்கம் பழுப்பாகிறது அல்லவா? அந்த வினையை 1912இல் விவரித்தவர் லூயி கமில் மெயிலார்ட் என்ற பிரெஞ்சுக்காரர். அடுப்புச் சூட்டில் சில நிமிடங்களில் முடிகிற அந்த வேலைதான் நம் உடலின் 37 டிகிரியில் ஆண்டுக்கணக்காக இழுத்துக்கொண்டு நடக்கிறது. இதற்கு நொதி எதுவும் வேண்டாம். சர்க்கரை எவ்வளவு இருக்கிறது, புரதம் எத்தனை காலம் அதில் ஊறுகிறது, இந்த இரண்டும்தான் முக்கியம்.

முதலில் குளுக்கோஸ் புரதத்தின் அமினோ முனையில் லேசாக ஒட்டும். இந்த நிலையில் கழன்றும் விடும். கழலாமல் நின்றது சில வாரங்களில் உருமாறி ஓரளவு உறுதியாகிவிடும். அப்புறம் மாதங்கள், ஆண்டுகள் போகப் போக 'ஏஜிஇ' எனப்படும் இறுதி விளைபொருள்கள் உருவாகும். அவை பெரும்பாலும் திரும்பிப் போவதில்லை. சில ஏஜிஇக்கள் பக்கத்துப் பக்கத்துப் புரத இழைகளை ஒன்றோடொன்று பூட்டிவிடும். ரத்தக்குழாய் விறைப்பதிலும், தோல் துள்ளல் இழப்பதிலும், கண்வில்லை மஞ்சளாவதிலும் இதற்குப் பங்கு உண்டு.

எந்தப் புரதத்துக்குப் பாதிப்பு அதிகம் என்பதைக் கவனியுங்கள். சிவப்பணுவின் ஆயுள் சுமார் 120 நாள்தான், அது போனால் புதிது வரும். தோலைத் தாங்கி நிற்கும் புரதமான கொலாஜனில் பாதி மாறவே ஏறக்குறைய 15 ஆண்டுகள் ஆகும். குருத்தெலும்புக் கொலாஜனுக்கு நூறாண்டுக்கும் மேல், அதாவது அது நடைமுறையில் மாறுவதே இல்லை. கண்வில்லையின் நடுப்பகுதிப் புரதம் நாம் பிறக்கும் முன்பே உருவானது, கடைசி வரை அதேதான். குழந்தையின் விலாக் குருத்தெலும்பு பால் வெள்ளையாக இருக்கும், முதியவருடையது பழுப்பு ஏறிய மஞ்சளாக இருக்கும். ரொட்டி மேல் வருகிற பழுப்புக்கு நெருங்கிய உறவுதான் அதுவும்.

பாதி உண்மை என்று ஏன் சொன்னேன்? முகச் சுருக்கத்துக்கு இதை மட்டும் குற்றம் சொல்ல முடியாது. அங்கே வெயிலின் பங்கு மிகப் பெரிது.

குமரன்: அப்படியானால் சர்க்கரையை அடியோடு நிறுத்திவிடலாமா?

நீங்கள் நிறுத்தினாலும் கல்லீரல் குளுக்கோஸ் தயாரித்துக்கொண்டுதான் இருக்கும். மூளைக்கு அது வேண்டும். நம் கையில் இருப்பது சாப்பாட்டுக்குப் பின் சர்க்கரை ஏறும் உயரத்தைக் குறைப்பதுதான். காய்கறியையும் புரதத்தையும் முதலில் சாப்பிட்டு மாவுப்பொருளைக் கடைசியில் சாப்பிட்டால் அந்த ஏற்றம் குறைகிறது. சாப்பிட்டதும் 10, 15 நிமிடம் நடங்கள். வேலை செய்கிற தசை இன்சுலினை அதிகம் எதிர்பார்க்காமலே குளுக்கோஸை இழுத்துக்கொள்ளும். எனக்குத் தெரிந்து இதைவிட மலிவான வழி இல்லை.

நஸ்ரின்: பழச் சர்க்கரையான ஃப்ரக்டோஸ் இன்னும் மோசமாமே. பழம் சாப்பிடலாமா?

சோதனைக் குழாயில் ஃப்ரக்டோஸ் குளுக்கோஸைவிடப் பல மடங்கு வேகமாகப் புரதத்தோடு வினைபுரியும் என்பது சரி. ஆனால் பெரும்பகுதியைக் குடலும் கல்லீரலும் பிடித்துக்கொள்வதால் ரத்தத்தில் அதன் அளவு மிகக் குறைவு. முழுப் பழம் தாராளமாகச் சாப்பிடுங்கள். இனிப்புப் பானங்கள்தான் வேண்டாம்.

ஜான்: பொரித்த, சுட்ட உணவிலேயே ஏஜிஇ இருக்கிறதாமே?

இருக்கிறது. உண்பதில் சுமார் பத்தில் ஒரு பங்குதான் ரத்தத்தில் சேர்கிறது, அதிலும் ஒரு பகுதியைச் சிறுநீரகம் வெளியேற்றிவிடும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்குத்தான் கவலை அதிகம். வேகவைப்பது, ஆவியில் சமைப்பது, குழம்பாக வைப்பது எல்லாம் நல்லது. சாதாரணப் பாத்திரத்தில் தண்ணீர் இருக்கும் வரை சூடு 100 டிகிரியைத் தாண்டாது. இறைச்சியைச் சுடத்தான் வேண்டும் என்றால் முன்னதாக எலுமிச்சைச் சாற்றிலோ வினிகரிலோ ஊறவையுங்கள். புளிப்பு இந்த வினையை மந்தமாக்கும்.

பெயர் வேண்டாம் என்றவர்: சிகரெட்?

புகையிலையைப் பதப்படுத்தும்போதே இந்த வினை நடந்துவிடுகிறது. அதன் விளைபொருள்கள் புகையோடு நுரையீரல் வழியாக நேரே ரத்தத்துக்குப் போகின்றன. விட்டுவிடுங்கள்.

மீனாட்சி: எனக்கு எச்பிஏ1சி 5.9. ரத்தசோகையும் உண்டு. இதை வைத்து என் கிளைக்கேஷன் அளவு தெரியுமா?

அந்தச் சோதனையே கிளைக்கேஷன் அளவுதான். சிவப்பணுவில் உள்ள ஹீமோகுளோபின் என்ற புரதத்தில் எத்தனை சதவீதத்தில் சர்க்கரை ஒட்டியிருக்கிறது என்பதுதான் அந்த எண். நீரிழிவு உள்ளவர்களின் ஹீமோகுளோபினில் இந்த மாற்றத்தை 1960களின் இறுதியில் கவனித்தவர் சாமுவேல் ரஹ்பார். ரத்தச் சர்க்கரையின் கடந்த இரண்டு மூன்று மாதச் சராசரியை அந்தச் சோதனை காட்டும். 5.7 முதல் 6.4 வரை நீரிழிவுக்கு முந்தைய நிலை. ஆனால் உங்கள் விஷயத்தில் ஒரு சிக்கல். இரும்புச்சத்துக் குறைவால் வந்த சோகை என்றால் இந்த எண் உண்மையைவிடக் கூடுதலாகத் தெரியலாம். சிவப்பணு சீக்கிரம் அழிகிற சோகை என்றால் குறைவாகத் தெரியலாம். வெறும் வயிற்றுச் சர்க்கரையையும் சேர்த்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

ராஜா: பூட்டிக்கொண்டதைத் திறக்க மாத்திரை இருக்கிறதா?

இன்றைக்கு இல்லை. ஏஜிஇ உருவாவதைத் தடுக்க வந்த அமினோகுவானிடின் மருந்தாகத் தேறவில்லை. பூட்டை உடைக்கும் என்று நம்பப்பட்ட அலாஜிப்ரியம் ஆரம்பத்தில் நம்பிக்கை தந்தது, ரத்தக்குழாய் சற்று இளகியதாகத் தெரிந்தது. பிந்தைய ஆய்வுகள் அந்த நம்பிக்கையைக் காப்பாற்றவில்லை. மனிதக் கொலாஜனில் அதிகம் காணப்படும் பூட்டு குளுக்கோசிபேன். அதைப் பரிசோதனைச் சாலையில் உருவாக்கிக் காட்டியதே 2015இல்தான், யேல் பல்கலைக்கழகத்தில். ஆராய்ச்சிக்கே அப்போதுதான் சரக்குக் கிடைத்தது என்றால் மாத்திரை எவ்வளவு தூரத்தில் இருக்கும் என்று பாருங்கள். இணையத்தில் 'ஏஜிஇ உடைப்பான்' என்று விற்பவர்களை நம்பிப் பணத்தை விடாதீர்கள். கொலாஜன் பொடி பற்றிக் கேட்டவர்களுக்கும் சேர்த்துச் சொல்கிறேன்: அது வயிற்றில் செரித்துப்போகும், பழைய பூட்டைத் திறக்காது.

தேன்மொழி: அப்பாவுக்கு 78 வயது, இன்சுலின் போடுகிறார். எச்பிஏ1சியை 5.5க்குக் கொண்டுவந்தால் அவருக்கு நல்லதுதானே?

வேண்டாம். நீரிழிவு உள்ளவர்களுக்கு இந்த எண்ணை 6க்குக் கீழே இறக்கிப் பார்த்த 'அக்கார்ட்' என்ற பெரிய ஆய்வில், தீவிரச் சிகிச்சைப் பிரிவை 2008இல் பாதியிலேயே நிறுத்தினார்கள். அந்தப் பிரிவில் இறப்பு கூடியிருந்தது. முதியவருக்குச் சர்க்கரை தாழ்ந்தால் மயக்கம் வரும், விழுவார், எலும்பு முறியும். கிளைக்கேஷனால் மெதுவாக வருகிற சேதத்தைவிட அவருக்கு இதுதான் உடனடி ஆபத்து. இரவில் வியர்த்து எழுகிறாரா, காலையில் தலைவலியோ குழப்பமோ இருக்கிறதா என்று விசாரித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அடுத்த முறை போகும்போது அந்தக் குறிப்பை டாக்டரிடம் காட்டி, இவருக்கு எந்த எண் போதும் என்று கேளுங்கள்.