பிரிந்த ரொக் இசைக்குழு மீண்டும் சேர்வது காசுக்காகத்தானா?

அமெரிக்க ரொக் குழுவான பிக்சீஸை முன்வைத்து இக்கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது. காசு பெரிய காரணம்தான். குழுவின் தலைவர் பிளாக் பிரான்சிஸ்கூட அதை ஒளித்துப் பேசியதில்லை. ஆனால் அதை மட்டும் சொல்லி நிறுத்தினால், அவர்கள் ஏன் பிரிந்தார்கள், எந்த அளவுக்குச் சேர்ந்தார்கள் என்பது விளங்காது.

1986இல் பொஸ்டன் நகரில் பிரான்சிஸும், மணிலாவில் பிறந்த கிட்டார் கலைஞர் ஜோயி சந்தியாகோவும் குழுவைத் தொடங்கி, பேஸ் கிட்டார் வாசிக்க ஆள் தேவை என்று பத்திரிகையில் விளம்பரம் கொடுத்தபோது, கிம் டீல் ஒருவர்தான் வந்தார்; அவரிடமும் சொந்தமாக பேஸ் கிட்டார் இருக்கவில்லை. டேவிட் லவரிங் ட்ரம்ஸ் வாசிக்கச் சேர்ந்தார். ஸ்டீவ் அல்பினி ஒலிப்பதிவு செய்த 'சேர்ஃபர் ரோசா' 1988இலும், கில் நோர்ட்டன் தயாரித்த 'டூலிட்டில்' 1989இலும் வெளிவந்தன. சொந்த நாட்டைவிடப் பிரித்தானியாவும் ஐரோப்பாவும்தான் அவர்களை முதலில் கொண்டாடின.

அவர்களுடைய முத்திரை சத்தத்தை ஏற்றி இறக்கும் விதம். 'டூலிட்டில்' அல்பத்தின் இரண்டாவது பாட்டில் பேஸ் கிட்டார் ஒரே சிறு வரிசையைத் திரும்பத் திரும்ப வாசிக்க, பிரான்சிஸ் காதோடு பேசுவதுபோல் முணுமுணுப்பார். எதிர்பாராத நேரத்தில் கிட்டார்கள் வெடிக்க, அவர் தொண்டை கிழியக் கத்துவார். இரண்டு நிமிடம் ஆவதற்குள் எல்லாம் முடிந்துவிடும். இலங்கை மலையகத்துத் தலவாக்கலையில் ஆடி மழை தோட்டத்து லயத்தின் தகரக் கூரையில் அடிக்கும்போது இதைச் சின்ன ஸ்பீக்கரில் போட்டால் முணுமுணுப்பு முழுவதும் மழையோடு போய்விடும், கத்தல் மட்டும் மிஞ்சும். (அயலவர்கள் இதையெல்லாம் பாட்டு என்று ஏற்றுக்கொண்டதில்லை என்பது வேறு விடயம்.) நிர்வானா ரொக் குழுவின் பாடகர் கேர்ட் கோபேன், தம் குழுவைப் புகழின் உச்சிக்குக் கொண்டுபோன பாட்டில் பிக்சீஸின் பாணியை எடுத்தாளவே முயன்றதாக 1994இல் வெளிப்படையாகச் சொன்னார். வழி போட்டவர்கள் அதற்குள் பிரிந்து ஓராண்டாகியிருந்தது.

பிரிவுக்கு, என் பார்வையில், யாருடைய பாட்டு அல்பத்தில் இடம்பெறுவது என்பதே வேர். 'சேர்ஃபர் ரோசா'வில் டீல் முன்னின்று பாடிய பாட்டு ரசிகர்களின் பெரும் விருப்பமாக இருந்தும், 1990, 1991 ஆண்டுகளில் வந்த இரு அல்பங்களிலும் அவர் எழுதிய பாட்டு ஒன்றுகூட இல்லை. 1993இல் பிரான்சிஸ் வானொலி நேர்காணலில் குழு கலைந்ததாக அறிவித்தார். டீலுக்கும் லவரிங்குக்கும் செய்தி தொலைநகலில் போனது. கூட வாசித்தவர்களிடம் நேரில் சொல்லாதது எந்தக் கணக்கிலும் மரியாதை இல்லை. அதே ஆண்டு டீலின் 'பிரீடர்ஸ்' குழு வெளியிட்ட அல்பம், பிக்சீஸ் அதுவரை கண்டிராத விற்பனையைக் கண்டது. லவரிங் மேடை மந்திரவாதியானார்.

2004 ஏப்ரலில் நால்வரும் மீண்டும் மேடையேறினார்கள். இளவயதில் அவர்களைக் கேட்டிராத ஒரு தலைமுறை அரங்குகளை நிரப்பியது. எங்கள் தோட்டங்களில் ஆண்டு முழுவதும் முகம் பார்த்துப் பேசாத இருவர், மாசியில் காமன் கூத்துக்குத் தப்பு மேளம் அடிபட்டதும் ரதியும் மதனுமாக ஒரே வட்டத்தில் ஆடுவார்கள். கூத்து முடிந்தால் மறுபடி அவரவர் வழி. பிக்சீஸின் சேர்க்கையையும் நான் அப்படித்தான் பார்க்கிறேன். பழைய பாட்டுகளை வாசிக்கும்வரை ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அது நிலைத்தது. புதுப் பாட்டுகளைப் பதிவுசெய்யப் போனபோது டீல் விலகினார்; 2013இல் அது அறிவிக்கப்பட்டது. மேடையில் கூடுவதற்குக் காசு போதுமாக இருந்தது, புதிதாக ஒன்றை ஆக்குவதற்கு அது போதவில்லை.

மற்ற மூவரும் 2014இல் 'இண்டி சிண்டி'யை வெளியிட்டு, வேறு பேஸ் கலைஞர்களோடு இன்றும் தொடர்கிறார்கள். அதில் குறை சொல்ல முடியாத பாட்டுகளும் இருக்கின்றன. ஆயினும் டீலின் பின்னணிக் குரல் இல்லாத பிக்சீஸை நான் விரும்பித் தேடிக் கேட்பதில்லை.