திருப்பூருக்குக் குடும்பத்தோடு போகலாமா?

கேள்வி: முதுகுளத்தூர் பக்கம் கிராமம். கணவர் நான்கு வருஷமாகத் திருப்பூர் பனியன் கம்பெனி ஒன்றில் டெய்லர், வாரச் சம்பளம் 4,500 ரூபாய். இங்கே இரண்டு ஏக்கர் மானாவாரி நிலமும் பத்து ஆடும் இருக்கின்றன. நான் நூறு நாள் வேலைக்கும் போவேன். மகள் அரசுப் பள்ளியில் எட்டாவது. மாமியார் எங்களோடு இருக்கிறார். “நிலத்தையும் ஆட்டையும் விற்றுவிட்டு எல்லோரும் வந்துவிடுங்கள், 4,000 வாடகைக்கு லைன் வீடு பார்த்துவிட்டேன்” என்கிறார் கணவர். போகலாமா?
- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: போங்கள் சகோதரி, ஆனால் நிலத்தை விற்காமல் போங்கள். ஆட்டை வேண்டுமானால் பாதியாகக் குறைத்துக்கொள்ளலாம்.

உங்கள் வீட்டுக்காரர் சம்பளத்தை மட்டும் பார்க்கிறார். மாதம் 18,000 ஊரில் யார் தருவார்கள் என்று கேட்டால் பதில் இல்லைதான். ஆனால் இப்போது அவர் ஒற்றை ஆளாக இருந்து மிச்சம் பிடிக்கிறார், நான்கு பேரும் போய் இறங்கினால் அதே பணத்தில் வாடகை, பால், கேன் தண்ணீர், சிலிண்டர் எல்லாம் போக வேண்டும். கரண்ட் பில் தனிக் கதை. அரசு தரும் 100 யூனிட் இலவசம் லைன் வீட்டுக்காரர்கள் பலருக்குக் கிடைப்பதே இல்லை, ஓனர் யூனிட்டுக்கு இவ்வளவு என்று சொந்தமாக ஒரு ரேட் வைத்து வாங்கிவிடுவார். ஊரில் நீங்கள் ஆடு மேய்த்து, கருவேல விறகு ஒடித்து, கொல்லையில் நாலு கத்தரிக்காய் பறித்து மிச்சப்படுத்துவதை யாரும் வருமானம் என்று எழுதுவதில்லை. அங்கே போன முதல் மாதமே அது எவ்வளவு என்று தெரிந்துவிடும்.

2022-23 குடும்பச் செலவுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுக் கிராமத்தில் ஓர் ஆளுக்கு மாதச் செலவு 5,310 ரூபாய், நகரத்தில் 7,630. இதைக் காட்டி நகரத்தில் வசதி அதிகம் என்பார்கள். இது செலவுக் கணக்கு, கையில் என்ன நின்றது என்பதை இது சொல்லாது.

அப்புறம் ஏன் போகச் சொல்கிறேன்? உங்களுக்கு அங்கே வேலை இருக்கிறது என்பதற்காக. செக்கிங், பிசிறு வெட்டுவது என்று பழக்கமில்லாத பெண்களையும் எடுத்துக்கொள்ளும் வேலைகள் திருப்பூரில் உண்டு, சனிக்கிழமை ஆனால் கையில் காசு. அவர் ஒருவர் சம்பளத்தில் அந்த ஊரில் பிழைக்கத்தான் முடியும், இரண்டு சம்பளம் வந்தால்தான் சேர்க்க முடியும். அதனால் வீடு பார்ப்பதற்கு முன்னால் உங்களுக்கு வேலை பார்க்கச் சொல்லுங்கள். ஒன்றரை ஷிப்ட் என்று ராத்திரி எட்டரை வரை நிறுத்துவார்கள், வயதுப் பெண்ணை வீட்டில் வைத்துக்கொண்டு அது சரிவருமா என்பதை நீங்கள்தான் முடிவு செய்ய வேண்டும். ஈ.எஸ்.ஐ., பி.எஃப். பிடிக்கிற கம்பெனியாகப் பாருங்கள். நாள் சம்பளத்தில் பத்து இருபது கூடக் கிடைக்கிறதே என்று அது இல்லாத இடத்துக்குப் போனால், ஆஸ்பத்திரிச் செலவு வரும்போதுதான் வலிக்கும்.

நிலத்தை ஏன் விற்கக் கூடாது என்பதற்குத் திருப்பூரே சாட்சி. 2020 ஊரடங்கில் எத்தனை பேர் ஊருக்குத் திரும்பினார்கள் என்று உங்கள் தெருவிலேயே பார்த்திருப்பீர்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா நம் சரக்குக்கு வரியை 50 சதவீதமாக ஏற்றியதும் ஏற்றுமதிக் கம்பெனிகள் ஆர்டர் இல்லாமல் திண்டாடின. ஆர்டர் நின்றால் ஷிப்ட் குறையும், வாடகை குறையாது. மானாவாரி நிலத்தை இன்று விற்றால் என்ன பெரிய விலை வந்துவிடப் போகிறது? பங்காளி யாரிடமாவது, விளைச்சலில் பங்கு என்று பேசி, வாரத்துக்கு விடுங்கள். மழை பெய்து கண்மாய் நிறைந்த வருஷம் சாப்பாட்டு நெல்லாவது வரும்.

மகள் விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. முழுப் பரீட்சை முடிந்து டி.சி. வாங்கி, ஜூனில் ஒன்பதாவதை அங்கே தொடங்கட்டும், அதுவும் அரசுப் பள்ளியிலேயே. டவுனுக்குப் போனதும் இங்கிலீஷ் மீடியம் தனியார் பள்ளி ஆசை வரும், எல்லோருக்கும் வருகிறதுதான். ஆறிலிருந்து பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குக் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் புதுமைப்பெண் திட்டத்தில் வருகிறது, மருத்துவத்திலும் இன்ஜினியரிங்கிலும் 7.5 சதவீத இடம் தனியாக இருக்கிறது. நான்கு வருஷம் ஃபீஸ் கட்டிப் படிக்க வைத்து அதைக் கைவிடுவது எனக்குச் சரியாகப் படவில்லை.

மாமியாரை யாராவது கேட்டீர்களா? கடிதத்தில் அவர் என்ன நினைக்கிறார் என்று ஒரு வரிகூட இல்லை. லைன் வீட்டில் ஒரே அறைதான், கக்கூஸ் நாலு வீட்டுக்குப் பொது, பகலெல்லாம் பேச ஆள் கிடையாது. அவருக்கு உடம்பு முடிகிறது, பக்கத்தில் நாத்தனாரோ கொழுந்தனாரோ இருக்கிறார்கள் என்றால், மிச்ச ஆட்டோடு ஊரிலேயே இருக்கட்டும். ரேஷன் கார்டு முகவரியை இப்போதைக்கு மாற்ற வேண்டாம், மாமியார் ஊரிலேயே அரிசி வாங்கிக்கொள்வார். உடம்பு முடியாதவர் என்றால் கூட்டிக்கொண்டுதான் போக வேண்டும், வேறு வழியில்லை, அப்போது கீழ்வீடாகப் பாருங்கள்.

லைன் வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுத்துவிட்டாரா என்று இன்றைக்கே போன் போட்டுக் கேளுங்கள். கொடுக்கவில்லை என்றால் மே கடைசி வரை நிறுத்தி வைக்கச் சொல்லுங்கள்.