அதே சாதி, அதே மார்க், முள்ளோடைக்கு இரண்டு பக்கம்: எம்.பி.பி.எஸ். சேர்க்கை கேள்வி பதில்

2025 நீட் முடிவு வந்ததிலிருந்து போன் ஓயவில்லை. கடலூரில் பிளஸ் டூ பிள்ளைகளுக்கு உயிரியல் நடத்தி ஓய்வு பெற்றவன் நான்; முள்ளோடை எல்லையைத் தாண்டினால் எங்களுக்குப் புதுச்சேரி. கவுன்சிலிங் விண்ணப்பம் நிரப்பித் தருவது வருடா வருடம் பழக்கமாகிவிட்டது. வந்த கேள்விகளைச் சுருக்கி இங்கே போட்டிருக்கிறேன். மார்க்கோடு சாதியும் சேர்ந்து வருவதால் யார் பெயரையும் போடவில்லை.

கேள்வி (பண்ருட்டி, ஒரு அப்பா): பையன் 480. நாங்கள் எம்.பி.சி. (மிகவும் பிற்படுத்தப்பட்டோர்). போன வருடம் 600 எடுத்த பையனுக்கே அரசுக் கல்லூரி இழுபறி என்றார்கள். விட்டுவிடலாமா சார்?

பதில்: போன வருட மார்க்கை இந்த வருட மார்க்கோடு ஒப்பிடவே கூடாது ஐயா. 2024-இல் திருத்திய முடிவில்கூட 17 பேர் 720-க்கு 720 வாங்கினார்கள். 2025-இல் முதலிடமே 686தான். 650-க்கு மேல் எடுத்தவர்கள் நாடு முழுக்க 73 பேர். இயற்பியல் தாள் எல்லோரையும் ஒரே மாதிரி அடித்துப் போட்டுவிட்டது. உங்கள் பையன் தோற்றுப்போனதாக நினைக்காதீர்கள், எல்லோரும் கீழே இறங்கியிருக்கிறார்கள்.

பார்க்க வேண்டியது ரேங்க். முதலில் அகில இந்திய ரேங்க், பிறகு தமிழ்நாட்டு ரேங்க் பட்டியலில் வரிசை எண், அதற்குப் பிறகு எம்.பி.சி.க்குள் வரிசை எண். இந்த மூன்றாவது எண்தான் உங்கள் பையனின் தலையெழுத்து. போன வருடம் எம்.பி.சி.யில் கடைசியாகச் சீட் வாங்கியவரின் அகில இந்திய ரேங்க் என்ன என்று பழைய அலாட்மென்ட் பட்டியலில் பாருங்கள், மார்க்கைப் பார்க்காதீர்கள். என் கணிப்பில் பையன் விளிம்பில் நிற்கிறான். சுயநிதிக் கல்லூரிகளில் அரசு ஒதுக்கீட்டையும் ஆப்ஷனில் சேர்த்துப் போடுங்கள். வருடக் கட்டணம் நாலரை லட்சத்தைச் சுற்றி வரும், அதை வீட்டில் இப்போதே பேசி வையுங்கள். அலாட்மென்ட் வந்த இரவில் பேசினால் சண்டையில்தான் முடியும்.

கேள்வி (கடலூர் முதுநகர், மாணவி): எம்.பி.சி. என்று போட்டால் 20 சதவீதத்துக்குள் மட்டும்தான் போட்டியா? நல்ல மார்க் இருந்தால் ஓ.சி. (ஒதுக்கீடு இல்லாத பிரிவு) என்று போடலாமா?

பதில்: போடாதே பாப்பா. இந்த ஒரு தவறான பேச்சால் ஒவ்வொரு வருடமும் யாராவது கெட்டுப்போகிறார்கள். தமிழ்நாட்டுக் கணக்கு இப்படி: பி.சி. (பிற்படுத்தப்பட்டோர்) 26.5 சதவீதம், பி.சி. முஸ்லிம் 3.5, எம்.பி.சி.-டி.என்.சி. (சீர்மரபினர்) 20, எஸ்.சி. 18 (அதற்குள் அருந்ததியருக்கு 3), எஸ்.டி. 1. மொத்தம் 69. மீதி 31 பொது. பொது என்றால் ‘ஓ.சி. சாதிக்காரர்களுக்கு’ என்று அர்த்தமில்லை, எல்லோருக்கும். உன் மார்க் அந்த 31-க்குள் வந்தால் பொதுச் சீட்டிலேயே போவாய், உன் சமூகத்துச் சீட்டு பின்னால் நிற்கும் இன்னொருவருக்குப் போகும். வராவிட்டால் 20-க்குள் பார்ப்பார்கள். சாதியைச் சரியாகப் போட்டால் இரண்டு கதவு, ஓ.சி. என்று போட்டால் ஒன்றுதான்.

கேள்வி (திருப்பாதிரிப்புலியூர், ஒரு அப்பா): நாங்கள் ஓ.சி. என் மகளைவிட நூறு மார்க் குறைவாக எடுத்தவருக்குச் சீட், இவளுக்கு இல்லை. இது நியாயமா?

பதில்: மகள் ராப்பகலாகப் படித்ததைப் பார்த்தவர் நீங்கள், கோபம் வரத்தான் செய்யும். ஆனால் எங்கே எத்தனை இடம் போகிறது என்று பார்த்துவிட்டுக் கோபப்படுவோம். பொதுப் பிரிவுக்கும் பி.சி.க்கும் தமிழ்நாட்டில் கடைசி மார்க் வித்தியாசம் நீங்கள் நினைப்பதுபோல் மலைக்கும் மடுவுக்குமானது இல்லை. நூறு மார்க் இடைவெளி என்பது எஸ்.சி., எஸ்.டி. பக்கம் போனால்தான் வரும். அவர்கள் பங்கு மொத்தமே 19 சதவீதம். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் வீட்டில் படிப்பதற்குத் தனி மேஜை இருந்தது என்பது எனக்குத் தெரியும், நான் வகுப்பில் நின்றவன். இது என் கருத்து, நீங்கள் ஏற்க வேண்டியதில்லை.

உங்களுக்கு உபயோகமானதைச் சொல்கிறேன். மாநில ஒதுக்கீட்டில் இ.டபிள்யூ.எஸ். (பொதுப் பிரிவு ஏழைகளுக்கான ஒதுக்கீடு) கிடையாது. ஆனால் ஒவ்வொரு அரசுக் கல்லூரியிலும் 15 சதவீத இடம் அகில இந்திய ஒதுக்கீட்டுக்குப் போகிறது, அதில் 2021 முதல் இ.டபிள்யூ.எஸ். 10 சதவீதம் உண்டு. குடும்ப வருமானம் 8 லட்சத்துக்குள், நிலம் 5 ஏக்கருக்குள் இருந்தால் மகளுக்கு அங்கே இடம் பாருங்கள். நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களில் சாதி ஒதுக்கீடே இல்லை, நீட் ரேங்கும் பணமும்தான். புதுச்சேரியில் மட்டும் மகாத்மா காந்தி, ஆறுபடை வீடு, லட்சுமி நாராயணா என்று மூன்று இருக்கின்றன. ஆனால் நுழையவே 2 லட்சம் டெபாசிட் கேட்பார்கள்.

கேள்வி (ரெட்டிச்சாவடி, ஒரு அம்மா): வீடு கடலூர் மாவட்டம். பிள்ளை எல்.கே.ஜி. முதல் பிளஸ் டூ வரை பாண்டிச்சேரி பள்ளியில். சென்டாக்கில் (புதுச்சேரி அரசின் சேர்க்கை அமைப்பு) போடலாமா, தமிழ்நாட்டிலா? இரண்டிலும் போட்டால் எது கிடைக்கிறதோ அதை எடுத்துக்கொள்ளலாம் என்கிறார் பக்கத்து வீட்டுக்காரர்.

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் பேச்சைக் கேட்காதீர்கள் அம்மா. இரண்டு மாநிலத்திலும் ‘நான் இந்த ஊர்’ என்று இருப்பிடம் கோருவது சேர்க்கையை ரத்து செய்யும் குற்றம். சேர்ந்து ஒரு வருடம் ஆன பிறகுகூடத் தோண்டி எடுக்கிறார்கள்.

முள்ளோடை தாண்டினால் கணக்கே வேறு. தமிழ்நாட்டில் 6 முதல் 12 வரை இங்கேயே படித்த பிள்ளைக்குப் படிப்பே அத்தாட்சி. உங்கள் பிள்ளை வெளியில் படித்தது. அதனால் தாசில்தார் தரும் இருப்பிடச் சான்றிதழ், பெற்றோரின் படிப்புச் சான்றிதழ், ரேஷன் கார்டு எல்லாம் வேண்டும். அவை சரியாக இருந்தால் பிள்ளை தமிழ்நாட்டுப் பிள்ளைதான், எம்.பி.சி.யோ பி.சி.யோ முழு உரிமை உண்டு. புதுச்சேரியில் பள்ளியில் படித்ததை வைத்து மட்டும் உள்ளே போக முடியாது, ஐந்து வருடம் தொடர்ந்து அங்கே குடியிருந்ததைக் காட்ட வேண்டும். ரெட்டிச்சாவடியில் ரேஷன் வாங்கிக்கொண்டு அதைக் காட்ட வழியில்லை. சென்டாக்கில் நீங்கள் போடக்கூடியது தனியார் கல்லூரி மேனேஜ்மென்ட் இடங்களுக்குத்தான். அது யாருக்கும் திறந்தது, சாதி கணக்கில்லை.

ஒரு விஷயம். நேற்று ஒருவர் சாதிச் சான்றிதழ் என்று ஒரு பழைய அட்டையைக் கொண்டுவந்தார். லேமினேஷன் போட்டு மஞ்சளாகி, பச்சை மைக் கையெழுத்து தேய்ந்து, முத்திரையில் பாதி எழுத்து இல்லை. அதில் உட்பிரிவு ஒரு மாதிரி, டி.சி.யில் வெறும் ‘இந்து, எம்.பி.சி.’ என்று மட்டும். இதை வைத்துக்கொண்டு சரிபார்ப்பு மேஜையில் நின்றால் பிள்ளை அழும். இ-சேவையில் போட்டு க்யூ.ஆர். கோடு உள்ள டிஜிட்டல் சான்றிதழ் இப்போதே வாங்குங்கள். பெயரின் முதலெழுத்து, அப்பா பெயர், சாதிப் பெயர் மூன்றும் பள்ளிச் சான்றிதழோடு ஒத்துப்போகிறதா என்று ஒரு தடவை விரல் வைத்துப் படியுங்கள்.

கேள்வி (அரியாங்குப்பம், ஒரு அப்பா): நாங்கள் எஸ்.சி. பூர்வீகம் நெல்லிக்குப்பம் பக்கம். பன்னிரண்டு வருடமாகப் புதுச்சேரியில் இருக்கிறோம். இங்கே எஸ்.சி. 16 சதவீதத்தில் வருவோமா?

பதில்: வர மாட்டீர்கள். கேட்கவே கஷ்டமாக இருக்கும், ஆனால் சட்டம் அப்படி. ஒரு மாநிலத்தில் எஸ்.சி. என்பது அந்த மாநிலத்துக்குள்தான் செல்லும். 1990-இல் உச்ச நீதிமன்றம் இதைத் தீர்த்துவைத்தது. ஆந்திராவிலிருந்து போய் மும்பையில் மருத்துவச் சீட் கேட்ட பழங்குடி மாணவர் வழக்கு அது. புதுச்சேரிக்கு எஸ்.சி. பட்டியலை அறிவித்த 1964 ஆணையின்போது உங்கள் அப்பா, தாத்தா அங்கே குடியிருந்தார்களா என்றுதான் பார்ப்பார்கள். அரை மணி நேர பஸ் தூரம், ஒரே சாதி, ஒரே ஒடுக்குமுறை. சான்றிதழ் மட்டும் எல்லையில் இறங்கிவிடுகிறது.

வழி இருக்கிறது. தமிழ்நாட்டு எஸ்.சி. சான்றிதழ் அகில இந்திய ஒதுக்கீட்டிலும் ஜிப்மரின் அகில இந்திய இடங்களிலும் செல்லும். கடலூர் மாவட்டத்து இருப்பிடத்தைக் காட்டித் தமிழ்நாட்டில் எஸ்.சி.யாகவும் போடலாம். அப்படிப் போட்டால் புதுச்சேரி குடியிருப்பைக் கோர முடியாது. மார்க் குறைவாக இருந்தால் தமிழ்நாட்டு எஸ்.சி. பட்டியலையே தேர்ந்தெடுங்கள் என்பேன். புதுச்சேரியில் பொதுப் பிரிவில் நிற்பது வீண்.

கேள்வி (சமூகப் பணியாளர், சிதம்பரம்): இருளர் பிள்ளை ஒன்று நீட்டில் தகுதி பெற்றிருக்கிறது. மார்க் மிகக் குறைவு. இடம் வருமா?

பதில்: எஸ்.டி. 1 சதவீதத்துக்குள் எத்தனை பேர் தகுதி பெற்றார்கள் என்பதைப் பொறுத்தது, முயற்சி பண்ண வேண்டிய இடத்தில்தான் அந்தப் பிள்ளை இருக்கிறது. மார்க்கைவிட சான்றிதழைத் துரத்துங்கள். எஸ்.டி. சான்றிதழைத் தாசில்தார் தர மாட்டார், கோட்டாட்சியர் அல்லது சார் ஆட்சியர்தான். விசாரணை என்று மாதக்கணக்கில் இழுக்கும். புதுச்சேரியில் இருளர் எஸ்.டி. ஆனதே 2016 டிசம்பரில்தான். அதுவரை ஆற்றுக்கு இந்தக் கரையில் பழங்குடி, அந்தக் கரையில் இல்லை.

கேள்வி (நெய்வேலி): நான் என்.எல்.சி.யில் எக்சிகியூட்டிவ். மகனுக்கு ஓ.பி.சி. சான்றிதழ் தர மறுக்கிறார்கள். அப்படியானால் எம்.பி.சி.யும் போய்விட்டதா?

பதில்: இல்லை சார். இரண்டும் தனித்தனி. மத்திய ஓ.பி.சி.யில் கிரீமி லேயர் (வசதியானவர்களை விலக்கும் விதி) உண்டு. பொதுத்துறையில் எக்சிகியூட்டிவ் பதவி, வருமானம் 8 லட்சத்துக்கு மேல் என்றால் மத்திய அரசின் 2017 முடிவின்படி அதில் சேர்ந்துவிடுவீர்கள். அகில இந்திய ஒதுக்கீட்டின் 27 சதவீதம் கிடையாது, பொதுவில் போட்டியிட வேண்டும். தமிழ்நாட்டு எம்.பி.சி.க்குக் கிரீமி லேயர் கிடையாது, அது அப்படியே இருக்கிறது. பண்ருட்டிப் பக்கத்து முந்திரித் தோப்புக்காரர்களும் இதைக் கேட்டு வைத்துக்கொள்ளலாம்: விவசாய வருமானம் அந்த 8 லட்சக் கணக்கில் சேராது. பாசன நிலம் உச்சவரம்பை நெருங்கினால் மட்டும் சிக்கல்.

கேள்வி (விருத்தாசலம்): எம்.பி.சி. 20-க்குள் வன்னியருக்கு 10.5 சதவீதம் தனியாக இருக்கிறதா?

பதில்: இல்லை. உயர் நீதிமன்றம் அதை ரத்து செய்தது, 2022 மார்ச் 31-இல் உச்ச நீதிமன்றமும் உறுதி செய்துவிட்டது. எல்லோரும் அதே 20-க்குள்.

கேள்வி (குறிஞ்சிப்பாடி, மாணவி): அரசுப் பள்ளியில் படித்தேன். மார்க் சொல்லவே கூச்சமாக இருக்கிறது, 300-க்குக் கொஞ்சம் மேல்.

பதில்: கூச்சம் எதற்கும்மா? கோச்சிங் சென்டர் வாசலை மிதிக்காமல் இயற்பியல் தாளை இந்த வருடம் எதிர்கொண்டு 300 தாண்டியிருக்கிறாய். உனக்கு 7.5 சதவீதம் தனிப் பட்டியல். பொதுப் பட்டியலில் சுயநிதிக் கல்லூரிகூடக் கிடைக்காத மார்க்குக்கு இதில் அரசுக் கல்லூரி கிடைத்ததை நான் பார்த்திருக்கிறேன். கட்டணத்தையும் அரசே ஏற்கும். அந்தப் பட்டியலுக்குள்ளும் சமூக ஒதுக்கீடு உண்டு.

நிபந்தனை ஒன்றே: 6 முதல் 12 வரை முழுதும் அரசுப் பள்ளி. நடுவில் ஒரு வருடம் தனியாரில் போட்டிருந்தால் போயிற்று. உதவி பெறும் பள்ளி கணக்கில் வராது. ஆர்.டி.இ.யில் (கல்வி உரிமைச் சட்ட இடத்தில்) தனியாரில் 8 வரை படித்து, பிறகு 9 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்கள் மட்டும் விதிவிலக்கு. தலைமையாசிரியரிடம் வருடவாரியாகச் சான்று வாங்கு. சிதம்பரம் அரசு மருத்துவக் கல்லூரியை ஆப்ஷனில் மேலே வை, வீட்டுக்குப் பக்கம். அது முன்பு அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா கல்லூரி.

கேள்வி: பிளஸ் டூவில் குறைந்த மார்க். நீட் நன்றாக இருக்கிறது. பாதிக்குமா?

பதில்: இயற்பியல், வேதியியல், உயிரியல் மூன்றும் சேர்த்துப் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதம், இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 40 சதவீதம் இருந்தால் போதும். ரேங்கில் பிளஸ் டூவுக்குப் பங்கில்லை. 2016 வரை அதுதான் எல்லாம், இப்போது வெறும் நுழைவுச் சீட்டு.

கேள்வி (கடலூர், ஒரு அண்ணன்): தம்பி 150, பி.சி. ‘குவாலிஃபைட்’ என்று வந்திருக்கிறது. வெளிநாட்டில் சேர்த்துவிடுகிறோம் என்று ஏஜென்ட் வீட்டுக்கே வந்துவிட்டார்.

பதில்: 2025-இல் பொதுப் பிரிவுக்கு 144, ஓ.பி.சி., எஸ்.சி., எஸ்.டி.க்கு 113 எடுத்தாலே தகுதி. அப்படித் தகுதி பெற்றவர்கள் 12 லட்சத்துக்கு மேல். நாட்டில் எம்.பி.பி.எஸ். இடம் சுமார் 1.2 லட்சம். ‘தகுதி’ என்ற சொல்லுக்கு அவ்வளவுதான் மதிப்பு தம்பி. பி.சி.யாக இருந்தாலும் 150-க்கு அரசு இடம் கிடையாது, யார் சொன்னாலும் நம்பாதே.

வெளிநாடு போகச் சட்டப்படி தடையில்லை. ஆனால் 54 மாதப் படிப்பு, ஆங்கில வழி, அங்கேயே ஒரு வருடப் பயிற்சி, திரும்பி வந்து 300-க்கு 150 எடுக்க வேண்டிய எஃப்.எம்.ஜி.இ. தேர்வு, பிறகு இங்கே இன்னொரு வருடப் பயிற்சி. அந்தத் தேர்வில் மூன்றில் ஒரு பங்கினர்கூடத் தேறாத தடவைகள் பல. ஏஜென்ட் டிக்கெட் போட்டுத் தருவார், தேர்வு எழுதித் தர மாட்டார். 150-இல் நிற்கும் பையன் ஆறேழு வருடம் கழித்து அதை எழுத முடியுமா என்று தம்பியையே கேள்.

கேள்வி (புவனகிரி, மாணவி): எஸ்.சி.யில் சீட் வந்துவிடும் போலிருக்கிறது. ‘கோட்டா டாக்டர்’ என்று பேசுவார்களே, என்னால் படிக்க முடியுமா என்று பயம்.

பதில்: பேசுவார்கள், பொய் சொல்ல மாட்டேன். ஆனால் இட ஒதுக்கீடு உள்ளே நுழையும் வாசலில் முடிந்துவிடுகிறது. உள்ளே உடற்கூறியல் தாளுக்கு எல்லோருக்கும் அதே 50 சதவீதத் தேர்ச்சி, விடைத்தாளில் உன் சாதி இருக்காது. முதல் வருடம் ஆங்கிலப் புத்தகம் கஷ்டமாக இருக்கும், தமிழ் வழியில் வந்த எல்லோருக்கும் அப்படித்தான், பி.சி. பையனுக்கும் சேர்த்து. ஆறு மாதம் பல்லைக் கடி. போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகைக்குக் குடும்ப வருமானம் 2.5 லட்சத்துக்குள் என்ற சான்றிதழை இப்போதே வாங்கி வை.

கேள்வி (பாகூர்): இன்னொரு வருடம் உட்காரலாமா?

பதில்: எத்தனை தடவை எழுதலாம் என்று வரம்பில்லை, உச்ச வயதும் இல்லை. அதனால்தான் பிள்ளைகள் மாட்டிக்கொள்கிறார்கள். உன் சமூகப் பட்டியலின் கடைசி ரேங்க்குக்குப் பக்கத்தில் நின்றால் உட்காரு. இரண்டு தடவை எழுதியும் 200-ஐத் தாண்டவில்லையென்றால் வேண்டாம். சித்தாவுக்கும் நீட் வேண்டும், ஆனால் ரேங்க் அவ்வளவு மேலே தேவையில்லை. பி.எஸ்சி. நர்சிங்கும் பார். கால்நடை மருத்துவம் பிடிக்கும் என்றால் அதையும் விசாரி. தமிழ்நாட்டில் மாநில இடங்களுக்கு அது பிளஸ் டூ மார்க்கில்தான். நீ பாகூர்க்காரன், உனக்குச் சென்டாக் வழி. கடைசித் தேதிக்கு முன்பே விண்ணப்பத்தை முடித்துவிடு, கடைசி நாளில் சர்வர் படுத்துவிடும்.