இரண்டேகால் வயதுக் குழந்தைக்குக் கற்றல் செயலி தேவையா?

கேள்வி: என் மகனுக்கு இரண்டேகால் வயது ஆகிறது. ஒன்றரை வயதிலிருந்து செல்போனில் ஒரு கற்றல் செயலியைப் பயன்படுத்துகிறான். ஆங்கில எழுத்துகளை வரிசையாகச் சொல்கிறான். பத்து நிறங்கள் தெரியும். விலங்குகளின் பெயரைச் சொன்னால் சரியாகத் தொட்டுக் காட்டுவான். ஆனால் தண்ணீர் வேண்டுமென்றால் என் கையைப் பிடித்து இழுத்துப் போகிறானே தவிர, வாயைத் திறந்து கேட்பதில்லை. சாப்பிடும்போதும் செல்போன் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு வாய் இறங்காது. கையிலிருந்து வாங்கினால் வீடே அதிரும்படி அழுகிறான். கார்ட்டூனாக இருந்தால் எப்போதோ நிறுத்தியிருப்பேன், இது படிப்புதானே என்று விட்டுவிட்டேன். கணவரும் நானும் வேலைக்குப் போகிறோம். இதைத் தொடரலாமா, நிறுத்த வேண்டுமா?

பதில்: உங்கள் கடிதத்தில் அந்தத் தண்ணீர் விஷயத்தில்தான் என் கண் நின்றது. ஒரு வரியில் சொல்லிவிட்டுக் கடந்துவிட்டீர்கள். நான் அங்கிருந்தே தொடங்குகிறேன். செயலியைப் பற்றி முடிவு செய்வதற்கு முன்னால் பார்க்க வேண்டிய வேலை அதில் இருக்கிறது.

இரண்டு வயதை ஒட்டிப் பெரும்பாலான குழந்தைகள் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசத் தொடங்கிவிடுவார்கள். "அம்மா வா", "பால் வேணும்", "அப்பா போயாச்சு" என்ற அளவுக்கு. உங்கள் மகன் தன் தேவைக்காகத் தானாகச் சொல்லும் சொற்களை மூன்று நாள் ஒரு தாளில் எழுதி வாருங்கள். செயலி சொல்லிக்கொடுத்த நிறங்களையும் எழுத்து வரிசையையும் அதில் சேர்க்க வேண்டாம். இரண்டு சொல் சேர்ந்து வரவே இல்லை என்றால், அல்லது தாளில் சொற்களே குறைவாக இருந்தால், குழந்தை நல மருத்துவரிடம் காட்டுங்கள். செவித்திறன் பரிசோதனையும் செய்துவிடுங்கள். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புகிறானா, பிடித்த ஒன்றை விரலால் சுட்டி உங்களுக்குக் காட்டுகிறானா, முன்பு பேசிய சொற்கள் எதையாவது விட்டுவிட்டானா என்றெல்லாம் கேட்பார்கள். பதில் தயாராக இருக்கட்டும். முதலில் செல்போனை நிறுத்திப் பார்ப்போம், அப்புறம் மருத்துவரிடம் போகலாம் என்று மாதங்களைக் கடத்தாதீர்கள். இரண்டையும் ஒரே வாரத்தில் தொடங்குங்கள். பேச்சு தாமதமாவதற்குச் செல்போன்தான் காரணம் என்று ஒரு கடிதத்தை வைத்து என்னால் சொல்ல முடியாது. செல்போன் பார்த்ததால் ஆட்டிசம் வந்துவிட்டதோ என்ற பயமும் வேண்டாம். திரை ஆட்டிசத்தை உண்டாக்குகிறது என்று நிறுவப்படவில்லை.

சரி, செயலிக்கு வருவோம்.

என்னிடம் பேச்சுப் பயிற்சிக்கு வந்த ஒரு சிறுமிக்கு இரண்டரை வயது இருக்கும். அவள் அம்மா டேப்லெட்டைத் திறந்து காட்டினார். "சிவப்புப் பந்து எது?" என்று செயலி கேட்டதும் டக்கென்று தொட்டாள். நட்சத்திரம் பறந்தது, கைதட்டல் ஒலித்தது. பத்து முறை கேட்டாலும் பத்து முறையும் சரி. டேப்லெட்டை மூடிவிட்டு, ஒரு சிவப்புப் பந்தையும் நீலக் கிண்ணத்தையும் தரையில் வைத்தேன். "சிவப்புப் பந்தைக் கொடு" என்று கையை நீட்டினேன். அவள் பந்தின் மேல் ஒரு விரலை வைத்துத் தட்டினாள். தட்டிவிட்டு என்னைப் பார்த்தாள். கைதட்டலுக்குக் காத்திருந்தாள். பந்தை எடுத்து என் கையில் வைக்க வேண்டும் என்பது அவளுக்குத் தோன்றவே இல்லை.

அவள் புத்திசாலிக் குழந்தை. திரையில் கற்றதைத் திரைக்கு வெளியே கொண்டுவருவது இந்த வயதில் எல்லாக் குழந்தைகளுக்குமே கடினம். தட்டையாகத் தெரியும் பந்தும் கையில் உருளும் பந்தும் ஒன்றுதான் என்று நமக்குத் தெரிகிறது. இரண்டு வயது மூளை அந்த இணைப்பை இப்போதுதான் கட்டிக்கொண்டிருக்கிறது. பந்தின் எடை, உருண்டு ஓடுவது, கட்டிலுக்கு அடியில் மாட்டிக்கொள்வது, ஒருவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போவது எல்லாம் சேர்ந்துதான் 'பந்து' என்ற சொல்லுக்குக் குழந்தையிடம் பொருள் உண்டாகிறது. செயலியில் இருப்பது அதில் ஒரு துண்டு.

இதை ஆய்வுகள் வெவ்வேறு விதமாகச் சோதித்திருக்கின்றன. 2003இல் பட்ரீசியா குல் என்ற அமெரிக்க ஆய்வாளர் ஒன்பது மாதக் குழந்தைகளுக்குச் சீன மொழியைக் கேட்க வைத்தார். ஒரு குழுவோடு சீன மொழி பேசுபவர்கள் நேரில் உட்கார்ந்து விளையாடினார்கள், புத்தகம் வாசித்தார்கள். மொத்தம் 12 அமர்வுகள். இன்னொரு குழு அதே ஆட்களை, அதே பேச்சை வீடியோவில் பார்த்தது. நேரில் கேட்ட குழந்தைகள் அந்த மொழியின் ஒலிகளைப் பிரித்தறியக் கற்றார்கள். வீடியோவில் பார்த்தவர்களிடம் எந்த முன்னேற்றமும் இல்லை. குழந்தைகள் திரையை ஆர்வமாகத்தான் பார்த்தார்கள். பார்ப்பது வேறு, கற்பது வேறு.

2010இல் ஜூடி டிலோச் குழு செய்த ஆய்வை உங்களைப் போன்ற பெற்றோருக்கு நான் அடிக்கடி சொல்வேன். ஒன்று முதல் ஒன்றரை வயதுக் குழந்தைகள் சிலருக்குச் சொல் கற்பிக்கும் வீடியோவை ஒரு மாதம் போட்டுக் காட்டினார்கள். இன்னொரு குழுவில் வீடியோ இல்லை. அன்றாட வேலைகளுக்கு நடுவே பெற்றோரே அந்தச் சொற்களைச் சொல்லிக்கொடுத்தார்கள். அதிகமாகக் கற்றது இந்தக் குழந்தைகள்தான். வீடியோ பார்த்தவர்கள், எதுவுமே செய்யாத குழந்தைகளைவிட முன்னே போகவில்லை. அதோடு, வீடியோ பிடித்துப்போன பெற்றோர், தங்கள் குழந்தை நிறையக் கற்றுவிட்டதாக நம்பினார்கள்.

அப்படியானால் திரையே ஆகாதா? வீடியோ காலைப் பாருங்கள். 2014இல் வெளியான ஓர் ஆய்வில், இரண்டு முதல் இரண்டரை வயதுக் குழந்தைகள் புதிய வினைச்சொற்களை நேரிலும் கற்றார்கள், வீடியோ காலிலும் கற்றார்கள். பதிவு செய்த வீடியோவில் கற்கவில்லை. கண்ணாடித் திரை வீடியோ காலுக்கும் பதிவு செய்த வீடியோவுக்கும் பொதுதான். வீடியோ காலில் எதிரில் இருப்பவர் குழந்தை சிரித்தால் சிரிக்கிறார், திரும்பினால் கூப்பிடுகிறார், கேட்டதற்குப் பதில் சொல்கிறார். ஆகவே எந்தத் திரையையும், எந்தச் செயலியையும் பார்க்கும்போது என்னை ஒரு கேள்விதான் நான் கேட்டுக்கொள்வேன்: இங்கே குழந்தைக்குப் பதில் சொல்வது யார்? உங்கள் மகன் "த்தா" என்று ஏதோ சொன்னால் நீங்கள் அவன் முகத்தைப் பார்ப்பீர்கள், அவன் பார்க்கும் பக்கம் பார்ப்பீர்கள், "தண்ணியா? இந்தா தண்ணி" என்பீர்கள். செயலிக்கு "த்தா" கேட்காது. சரியான இடத்தில் விரல் பட்டதா என்பது மட்டும்தான் அதற்குத் தெரியும். அவன் அங்கே பேசாமலே ஜெயிக்கலாம்.

'படிப்பு' என்ற பெயரை நம்பித்தானே விட்டீர்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். கல்விச் செயலி என்று பெயர் வைக்க யாரும் எந்தத் தேர்வும் எழுத வேண்டியதில்லை. மிச்சிகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2018இல், ஐந்து வயதுக்குட்பட்டவர்கள் பயன்படுத்தும் 135 செயலிகளைத் திறந்து பார்த்தார்கள். 95 சதவீதத்தில் ஏதாவது ஒரு வகையில் விளம்பரம் இருந்தது. குழந்தை கண்ணை எடுக்காமல் இருக்கவே பல செயலிகள் வடிவமைக்கப்படுகின்றன. அழுகையில் பாதி அங்கிருந்து வருகிறது.

எவ்வளவு நேரம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் 2019இல் ஓர் அளவு சொன்னது. ஒரு வயதுக்குள் திரை வேண்டாம். ஒரு வயதுக் குழந்தைக்கும் பரிந்துரைக்கப்படவில்லை. இரண்டு வயதிலிருந்து நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது, அதற்கும் குறைவாக இருந்தால் நல்லது. அந்த ஒரு மணி நேரத்தை ஒதுக்கீடு என்று எடுத்துக்கொள்ளாதீர்கள், அது உச்சவரம்பு. அதே பரிந்துரையில் உங்கள் மகன் வயதுக்கு 11 முதல் 14 மணி நேரத் தூக்கமும், நாள் முழுவதும் பரவலாக மூன்று மணி நேர ஓட்டமும் ஆட்டமும் சொல்லப்பட்டிருக்கின்றன. இதைப் பலர் படிப்பதே இல்லை.

உங்கள் கேள்விக்கு என் பதில்: அவனுக்கு அந்தச் செயலி தேவையில்லை. எழுத்து வரிசையை இப்போது தெரிந்துகொள்ளாவிட்டால் எதையும் இழக்க மாட்டான். இப்போது கற்க வேண்டியது கேட்பது, கொடுப்பது, மறுப்பது, கூப்பிடுவது. ஆனாலும் ஒரே நாளில் எல்லாவற்றையும் பிடுங்கச் சொல்ல மாட்டேன்.

சாப்பாட்டு நேரத்திலிருந்து தொடங்குங்கள். திரையைப் பார்த்துக்கொண்டே வாயைத் திறக்கும் குழந்தைக்குத் தன் வயிறு நிறைந்தது தெரிவதில்லை, என்ன சாப்பிட்டோம் என்பதும் தெரிவதில்லை. விடுமுறை நாளில் ஆரம்பிப்பது நல்லது. உங்கள் செல்போன்களும் அந்த அறையில் இருக்கக் கூடாது. அவனை உங்களோடு உட்கார வையுங்கள், தட்டில் கொஞ்சமாக வையுங்கள், அவனே கையால் எடுக்கட்டும், சிந்தட்டும். அரை மணி நேரத்தில் தட்டை எடுத்துவிடுங்கள். பின்னாலேயே ஓடி ஊட்ட வேண்டாம். முதல் சில நாள்கள் அவன் குறைவாகத்தான் சாப்பிடுவான். உங்களுக்கு மனசு கேட்காது, எனக்குத் தெரியும். நன்றாக இருக்கும் குழந்தை அடுத்த வேளைப் பசியில் ஈடுகட்டிவிடும். எடை குறைந்தாலோ, இரண்டு மூன்று உணவு தவிர வேறெதையும் தொடாவிட்டாலோ மருத்துவரிடம் அதையும் சொல்லுங்கள்.

அடுத்தது அந்த அழுகை. "இன்னும் இரண்டு நிமிடத்தில் வாங்கிவிடுவேன்" என்று முன்கூட்டியே சொல்லிப் பார்த்திருப்பீர்கள். ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகள் உள்ள வீடுகளில் 2016இல் நடந்த ஓர் ஆய்வில், அப்படி எச்சரித்தபோது அடம் கூடியது. தினமும் ஒரே நேரத்தில் பார்த்து, ஒரே இடத்தில் முடிக்கும் வழக்கம் இருந்த வீடுகளில் குறைந்தது. ஆகவே அடுத்தடுத்துத் தானாக ஓடும் வசதியை அணைத்துவிடுங்கள். ஒரு பகுதி தானாக முடியும் இடத்தில் நிறுத்துங்கள், நடுவில் பிடுங்காதீர்கள். முடிந்தவுடன் அடுத்து என்ன என்பதும் தினமும் ஒன்றாகவே இருக்கட்டும்: குளியல், அல்லது வெளியே ஒரு நடை. அழுதால் பக்கத்தில் உட்காருங்கள். அழுகையை நிறுத்தச் செல்போனைத் திருப்பிக் கொடுப்பதை மட்டும் விட்டுவிடுங்கள். இன்று கொடுத்தால் நாளைய அழுகை இன்னும் நீளும்.

செயலியை வைத்துக்கொள்வதென்றால் ஒரு நாளைக்கு 20 நிமிடம் போதும். விளம்பரம் இல்லாத, மெதுவாகப் போகும் ஒன்றாக இருக்கட்டும். அவனை மடியில் வைத்துக்கொண்டு நீங்களும் பார்க்க வேண்டும். திரையில் வாத்து வந்தால் நிறுத்திவிட்டு, வீட்டிலுள்ள பொம்மை வாத்தைத் தேடி எடுத்து வாருங்கள். அங்கே பேசுவதற்கு விஷயம் கிடைக்கும். தூங்கப் போவதற்கு ஒரு மணி நேரம் முன்பிருந்து திரை வேண்டாம்; அந்த நேரத்துக்குத் தாள் புத்தகம். யாரும் பார்க்காமல் ஓடிக்கொண்டிருக்கும் டிவியையும் அணைத்துவிடுங்கள். பின்னணியில் டிவி ஓடும் ஒவ்வொரு மணி நேரத்திலும் குழந்தை காதில் விழும் பெரியவர்களின் சொற்கள் சுமார் 770 குறைகின்றன என்று 2009இல் ஓர் ஆய்வு அளந்து சொன்னது.

வேலைக்குப் போவதைப் பற்றி எழுதியதில் ஒரு குற்ற உணர்ச்சி தெரிந்தது. அது வேண்டாம். பகலில் அவனைப் பார்த்துக்கொள்பவரிடம் இதையெல்லாம் சொல்லிவிடுங்கள், சாப்பாட்டு நேரத்தை முக்கியமாக. மாலையில் நீங்கள் தனியாகப் பாடம் நடத்த வேண்டியதில்லை. சமைக்கும்போது ஒரு கிண்ணமும் இரண்டு கரண்டியும் அவன் கையில் இருக்கட்டும், நீங்கள் செய்வதைச் சொல்லிக்கொண்டே செய்யுங்கள். வீட்டில் பேசும் மொழியிலேயே பேசுங்கள்.

இப்போது அந்தத் தண்ணீர். அவனுடைய டம்ளரை அவன் கண்ணுக்குத் தெரியும், கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். கையைப் பிடித்து இழுத்தால் கூடவே போங்கள். டம்ளரை உங்கள் முகத்துக்குப் பக்கத்தில் எடுத்து வைத்துக்கொண்டு, அவன் உயரத்துக்குக் குனிந்து, "தண்ணி" என்று ஒரு முறை சொல்லிவிட்டுக் காத்திருங்கள். மனதுக்குள் பத்து எண்ணுங்கள். அந்தப் பத்து நொடி நீளமாகத் தெரியும். நாம்தான் பொறுமையிழந்து பேசிவிடுவோம். அவன் "த" என்றாலும், உதட்டை அசைத்தாலும், கையை நீட்டி உங்கள் கண்ணைப் பார்த்தாலும் உடனே கொடுத்துவிடுங்கள். "தண்ணி! இந்தா தண்ணி" என்று கொடுங்கள். ஒன்றுமே வராவிட்டாலும் கொடுத்துவிடுங்கள். சொன்னால்தான் தருவேன் என்று தாகத்தோடு நிற்க வைக்காதீர்கள். ஒரு நாளைக்கு ஏழெட்டு முறை இது தானாக நடக்கும்.

மருத்துவரைப் பார்க்கப் போகும்போது அந்தச் சொல் தாளோடு, அவன் வீட்டில் உங்களோடு விளையாடும் இரண்டு நிமிட வீடியோவையும் கொண்டுபோங்கள். புது இடத்தில் பல குழந்தைகள் வாயே திறக்க மாட்டார்கள். வீட்டில் எப்படி இருக்கிறான் என்று பார்த்தால் அவர்களுக்கு முடிவு செய்ய எளிதாக இருக்கும்.