பாட்டா, கொள்ளையா?

கேள்வி: என் மகன் எந்நேரமும் துப்பாக்கி, கும்பல் பகை என்று பாடும் 'டிரில்' வகை ராப் கேட்கிறான். அவன் கொண்டாடும் ராப் பாடகர் பாப் ஸ்மோக் 20 வயதிலேயே சுட்டுக் கொல்லப்பட்டாராமே. இந்த மாதிரிப் பாட்டுதான் ஆளைக் கொன்றுவிடுகிறதோ?

பதில்: கொன்றது பாட்டு அல்ல, கொள்ளை. 2020 பிப்ரவரி 19, விடிவதற்கு முன். லாஸ் ஏஞ்சலஸின் ஹாலிவுட் ஹில்ஸில் அவர் வாடகைக்கு எடுத்திருந்த வீட்டுக்குள் முகமூடிக் கும்பல் புகுந்தது. அதற்கு முன்பு, தனக்கு வந்த பரிசுப் பையைப் படமெடுத்து அவர் இணையத்தில் போட்டிருந்தார். பையில் ஒட்டியிருந்த சீட்டில் வீட்டு முகவரி. சுட்டதாகப் பின்னாளில் ஒப்புக்கொண்டவனுக்கு அப்போது வயது 15. கொள்ளையடித்துப் போன ரோலக்ஸ் கடிகாரம் 2,000 டாலருக்கு விலைபோனதாக நீதிமன்றத்தில் சாட்சியம் வந்தது. இந்தத் தொகையைப் படித்தபோதுதான் எனக்கு வயிறு எரிந்தது.

பாப் ஸ்மோக்கின் இயற்பெயர் பாஷர் ஜாக்சன். நியூயார்க்கின் புரூக்ளினில், கனார்சி பகுதிப் பையன். தாய் ஜமைக்கா வழி, தந்தை பனாமா வழி. டிரில் பிறந்தது சிகாகோவின் தெற்குப் பகுதியில். கடல் தாண்டி லண்டனுக்குப் போய், வழுக்கிச் சரியும் பேஸ் எனும் கனத்த அடிநாத ஒலியைச் சேர்த்துக்கொண்டு புரூக்ளினுக்குத் திரும்பியது. அப்படி லண்டனில் 808மெலோ என்ற இளைஞர் செய்த இசையை யூடியூபில் கண்டெடுத்துத்தான் பாஷர் பாடினார். 2019இல் அவருடைய 'வெல்கம் டு த பார்ட்டி' பாட்டு பற்றிக்கொண்டது. கரகரவென்று அடித்தொண்டையிலிருந்து வரும் அந்தக் குரலைக் கேட்டால் நாற்பது வயதுக்காரர் என்றே நினைப்பீர்கள். அங்கிருந்து சாவு வரை ஓராண்டுகூட இல்லை.

வரிகளில் துப்பாக்கியும் கும்பல் பகையும் இருப்பது உண்மை. அதை மூடி மறைக்க மாட்டேன். ஆனால் 2019 அக்டோபரில், சொந்த ஊரில் நடந்த ரோலிங் லவுட் ராப் இசை விழாவிலிருந்து இவரையும் இன்னும் நான்கு பேரையும் போலீஸார் கடிதம் எழுதியே நீக்க வைத்தார்கள். பாட்டுக்குப் பயந்தவர்கள்! கொலை நடந்ததோ நாட்டின் மறுகோடியில், ஒரு கொள்ளைக்காக.

கேள்வி: சரி, நானும் கேட்டுப் பார்க்கிறேன். எதிலிருந்து தொடங்க?

பதில்: அவருடைய 'டியோர்' பாட்டிலிருந்து. வரிகள் முழுக்க ஆடம்பரத் துணியும் வீறாப்பும்தான். ஆனால் 2020 கோடையில், கறுப்பினத்தவரான ஜார்ஜ் ஃபிளாய்டைப் போலீஸ்காரர் கொன்றதைக் கண்டித்து நியூயார்க் தெருக்களில் திரண்ட இளைஞர்கள் அதைத்தான் ஒலிக்கவிட்டு ஆடினார்கள். ஏன் என்று உங்கள் மகனிடம் கேளுங்கள். என்னைவிட நன்றாகச் சொல்வான்.